குடை பிடித்து அனுப்பிய குறுவாள்

முவாரா அரண்மனை
சக ஆண்டு 1380, எட்டாம் மாதம், வளர்பிறை ஏழாம் நாள்

அண்ணா,

உனக்கு ஓலை எழுதவே கூடாது என்று வீம்பாக இருந்தேன். நேற்று அரண்மனை வாய்க்காலில் மீன்கள் சேற்றில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு எழுத்தாணியைத் தேடி எடுத்தேன்.

மேலே மதகை அடைத்தது நீயா, பெரியப்பாவா? யார் சொல்லி யார் அடைத்திருந்தாலும், மலையேரித் தெய்வத்தின் தண்ணீரை மறிக்க உங்களுக்கு எப்படிக் கை வந்தது? நாற்று நட்டு ஒரு மாதம்கூட ஆகாத வயல்கள். குடியானவர்கள் காலையில் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். ஒன்றும் கேட்பதில்லை. நான் புக்கித் வீட்டுப் பெண் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் கேட்பதில்லை.

கிழ ராஜா போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கூத்துதான். சின்ன ராஜாவின் வலப்பக்கம் யார் உட்காருவது என்று பெரியப்பாவும் என் வீட்டுக்காரரும் சபையில் போட்ட சண்டை, இப்போது மலையிலிருந்து கடல்வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு இதெல்லாம் புரியாது என்று நீ சொல்வாய். நன்றாகவே புரிகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு அண்ணன் தம்பியும் இல்லை. என் வீட்டுக்காரர் குஸ்தி அகுங் முர்தா விழுந்தால் முவாரா வாரிசற்ற வீடு. நிலமும் நீரும் சின்ன ராஜாவின் பெயரால் பெரியப்பாவின் மடியில் வந்து விழும். அதற்குத்தான் இவ்வளவு படை.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு ஈட்டியைத் தூக்கு. அவர் செத்தால் நான் அவரோடு தீயில் இறங்குவேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதே. இந்த வீட்டின் பட்டத்து மனைவிகள் எல்லோரும் அப்படித்தான் போயிருக்கிறார்கள். நீ அவரைக் கொன்றால் என்னையும் சேர்த்துத்தான் கொல்கிறாய். பெரியப்பாவுக்கு அது ஒரு பொருட்டில்லை. உனக்கு எப்படியோ, எனக்குத் தெரியவில்லை.

இதைக் கொண்டுவரும் பெதண்டா இரண்டு வீட்டுக்கும் தீர்த்தம் கொடுக்கிற பெரியவர். அவர்மேல் யாரும் கை வைக்க மாட்டார்கள். பதிலை அவரிடமே கொடு. முட்டி வலிக்காரரை மலையேற வைத்துவிட்டேன், சூடாக ஏதாவது சாப்பிடக் கொடுத்து அனுப்பு.

செகார்


புக்கித் பாசறை
எட்டாம் மாதம், முழுநிலவுக்கு முந்தின நாள்

செகார்,

சாமிக்குக் கஞ்சி கொடுத்தேன். அது போதாது என்று வாத்துக் கறியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். முட்டி வலி வயிற்றை ஒன்றும் செய்யவில்லை போலிருக்கிறது.

மதகை அடைக்கச் சொன்னது பெரியப்பா. அடைத்தது நான். போதுமா? கடைசிப் பலகையைச் சொருகியபோது தண்ணீர் ஒரு சத்தம் போட்டது. கூட இருந்த ஆட்கள் கையைக் கூப்பிவிட்டார்கள். நானும் கூப்பினேன். ஆனால் தலைவன் சொன்னதைச் செய்யாதவன் படை நடத்த முடியுமா, நீயே சொல்.

அம்மாடி, இந்தப் படையை நீ பார்க்க வேண்டும். அகுங் மலையின் எல்லாச் சரிவுகளிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்துகொண்டே இருக்கிறார்கள். நாம் சின்ன வயதில் பெயர் மட்டும் கேட்ட ஊர்கள், மேகத்துக்கு மேலே இருக்கும் ஊர்கள், அங்கிருந்தெல்லாம். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பெரிய வெண்கலக் கொட்டு, அத்தனையும் ஒரே நேரத்தில் ஒலித்தால் மண் உள்ளங்காலில் நடுங்குகிறது. காலையில் மேகம் விலகி மலையுச்சி தெரிந்ததும் அவ்வளவு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இத்தனை பேருக்கு நான் தலைவனா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

உன் வீட்டுக்காரரை உயிரோடு பிடிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். சேவல் சண்டைக்காரர்தானே அவர், தோற்கிற சேவலைத் தூக்கிக்கொண்டு களத்தைவிட்டு எப்போது போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தீ, கீ என்றெல்லாம் பேசாதே. அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. பேசாமல் சாமியோடு கிளம்பி வந்துவிடு. உன் அறையைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன்.

லானாங்


முவாரா
எட்டாம் மாதம், தேய்பிறை ஐந்தாம் நாள்

அண்ணா,

அறையைக் கூட்ட வேண்டாம். கோழி அடைத்துக்கொள்.

நீ பீற்றிக்கொண்ட படையைக் ஆபத்துக்குத் தட்டுகிற கொட்டுமரக் கோபுரத்தில் ஏறிப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மூச்சே நின்றுவிட்டது. வடக்குச் சரிவு முழுக்க ஈட்டி. சாய்ந்த வெயில் பட்டதும் மலையே ஒருமுறை புரண்டு படுத்த மாதிரி இருந்தது. நான் பிறந்த வீடு இவ்வளவு பெரியதா என்று ஒரு கணம் பெருமைகூட வந்தது. அந்தப் பெருமைக்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கீழே இறங்கி வந்தால், இவர் மடியில் செஞ்சேவலை வைத்துக்கொண்டு அதன் கழுத்தை நீவிக்கொண்டிருக்கிறார்.

"என்ன, உங்க வீட்டுக்காரங்க வந்துட்டாங்களா?" என்றார்.

"வந்துட்டாங்க. எண்ணி முடியாது."

"எண்ணவே வேணாம். சுட்ட மலைக்கிழங்கு வாசனை அடிக்குதே, அதை வெச்சே சொல்லிடலாம்."

எனக்குக் கோபம் வந்தது. "கிழங்கு தின்னவங்கதான் இப்ப உங்களத் திங்க வந்திருக்காங்க" என்றேன்.

சிரித்தார். பிறகு சேவலைக் கூண்டில் விட்டுவிட்டு, "செகார், நீ போறதுன்னா போ. நான் தப்பா நினைக்க மாட்டேன். உங்க அண்ணன் கூப்பிட்டிருப்பானே" என்றார். உன் ஓலையை நான் அவருக்குக் காட்டவில்லை. எப்படித்தான் தெரிந்ததோ.

"என்னை அனுப்பிட்டு யார்கூடச் சண்டை போடுவீங்க? வீட்டுல ஆள் வேணாமா?" என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குக் காரம் பிடிக்காது என்று சாயந்திரம் மீனைத் தன் கையாலேயே தனியாகச் சுட்டுக் கொடுத்தார்.

இவரை நான் விரும்புகிறேன், அண்ணா. உனக்கு இது தெரியாது. நம் வீட்டில் யாருமே என்னிடம் கேட்டதில்லை.

செகார்


முவாரா ஆற்றுப்படுகை
ஒன்பதாம் மாதம், வளர்பிறை இரண்டாம் நாள்

செகார்,

இதற்குள் சேதி வந்திருக்கும். உடலைக் கழுவி வெள்ளை போர்த்தி அனுப்பியது நான்தான்.

ஆற்றுப்படுகையில் மோதிக்கொண்டோம். தண்ணீர் இருந்திருந்தால் அங்கே யாரும் நின்றிருக்கவே முடியாது. நான் மதகை அடைத்ததால் அது களமாகிவிட்டது. உங்கள் ஆட்கள் எங்களில் பாதிகூட இல்லை. ஆனாலும் எங்கள் முதல் இரண்டு வரிசையை உடைத்துக்கொண்டு வந்தார்கள். அப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் வேண்டாம்.

அவரை உயிரோடு பிடிக்கத்தான் சொல்லியிருந்தேன், சத்தியம். பத்துப் பேர் வளைத்தார்கள், முடியவில்லை. குடைக்காரன் விழுந்த பிறகும் தானே நடந்து என் எதிரில் வந்து நின்றார். "மச்சான், சௌக்கியமா?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பாய்ந்துவிட்டார். கை தானாக ஈட்டியை நீட்டியது. வேறெதையும் நான் நினைக்கவில்லை, நினைக்க நேரமும் இல்லை.

மண்டியிட்டு அவர் தலையைத் தாங்கிக்கொண்டேன். "நீதான்னு அவகிட்ட சொல்லாத" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அவர் வேண்டாம் என்றார். நான் சொல்லிவிட்டேன். வேறு யார் வாயிலாவது நீ கேட்கக் கூடாது.

அவருடைய குலத்துக் குறுவாள் கி லிந்து இப்போது என் கூடாரத்தில் இருக்கிறது. அதன் பக்கத்தில் காவல் படுக்க ஆள் கிடைக்கவில்லை. பூமியதிர்ச்சியின் பெயரை வைத்திருக்கிறார்களே, உறைக்குள் கிடந்தே உறுமுகிறது என்கிறார்கள். எனக்கும் அந்தப் பக்கம் திரும்பப் பயமாகத்தான் இருக்கிறது.

நீ சொன்னதைச் செய்துவிடாதே. என்னை எப்படி வேண்டுமானாலும் தண்டித்துக்கொள், அதை மட்டும் செய்யாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

லானாங்


முவாரா
ஒன்பதாம் மாதம், வளர்பிறை ஆறாம் நாள்

அண்ணனுக்கு,

வழக்கப்படி என்னிடம் கேட்டார்கள். சம்மதம் என்றேன்.

அந்தச் சொல் வாயைவிட்டு வந்ததுமே எல்லாம் மாறிவிட்டது. அதன் பிறகு என் பாதம் தரையில் பட விடுவதில்லை. குளிக்கப் போவதானாலும் தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள். பெயர் சொல்லியோ அம்மா என்றோ யாரும் கூப்பிடுவதில்லை. என்னை வளர்த்து, என்னோடு புக்கித்திலிருந்து வந்த மென் தாரிகூட, தலைவாரிவிட்டு என் எதிரில் விழுந்து கும்பிடுகிறாள். நேற்றுவரை பேன் பார்த்தவள். "ஏண்டி, என்கூட ஒரு வார்த்தை பேசேன்" என்றேன். "தெய்வத்துகிட்ட நான் என்னத்தைப் பேசுறது" என்று அழுதுகொண்டே போய்விட்டாள்.

குடியானவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து என் நிழல் படும் இடத்தில் நிறுத்துகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கே மெய்சிலிர்க்கிறது. அவர்கள் கண்ணுக்குத் தெரிவது நான் இல்லை.

பயமாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ஆண்டுத் தொடக்கத்து மௌன நாள் குறுக்கே வருகிறது. அன்றைக்கு நெருப்பு மூட்டக் கூடாது. அது கழிந்துதான் நாள் குறித்திருக்கிறார்கள். நான் போன மறுகணம் எங்கள் ஆட்கள் வாயிலைத் திறந்து, ஆணும் பெண்ணுமாக வெள்ளை உடுத்திக்கொண்டு உங்கள் ஈட்டிகளுக்கு நேரே நடந்து வருவதாக முடிவு செய்திருக்கிறார்கள். பிரபு இல்லாத வீட்டில் உயிரோடு இருக்க மாட்டார்களாம். அவர்கள் வரும்போது உன் ஆட்களைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல். பார்த்துக்கொண்டு குத்த முடியாது.

அவரைக் கொன்றது நீ என்று எழுதியிருந்தாய். படித்தேன்.

செகார்


ஆற்றுப்படுகைப் பாசறை
ஒன்பதாம் மாதம், முழுநிலவு

செகார்,

பொறுமையாகப் படி. பாதியில் தூக்கி எறிந்துவிடாதே.

நீ செய்யப்போவதைப் பெரியப்பாவிடம் சொல்லி அழுதேன். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டே, "அவசரப்படாத. அவ தீயில இறங்கினா வாசல் தானா தொறக்கும். நமக்கு ஒரு ஈட்டி மிச்சம்" என்றார். நம்மைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மனுஷன். எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பி வந்தால் கூடாரத்தில் அந்தக் குறுவாள். அதைப் பார்த்ததும் உன் கல்யாணம் ஞாபகம் வந்தது. கீழ்நாட்டுப் பிரபு மலைக்காரன் வீட்டுப் பந்தலுக்கு வருவதாவது என்று மாப்பிள்ளை வரவில்லை. அவருக்குப் பதிலாக இந்தக் குறுவாளைத்தான் அனுப்பினார்கள். அதற்கு மாலை போட்டு, உன் பக்கத்தில் மணையில் வைத்து, சோறு ஊட்டி, தீர்த்தம் தெளித்து, கல்யாணத்தை முடித்தார்கள். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அன்றைக்கே இந்தச் சண்டை என் மனசுக்குள் ஆரம்பித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

உடனே சாமியிடம் ஓடினேன். அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தவரே அவர்தான்.

"சாமி, அன்னிக்கு என் தங்கச்சி யாரைக் கட்டிக்கிட்டா?"

"முவாரா பிரபுவ."

"மணையில உக்காந்திருந்தது?"

"குறுவாள்."

"அப்ப குறுவாள்தானே மாப்பிள்ளை?"

"வழக்கப்படி ஆமா."

"அந்த மாப்பிள்ளை இன்னும் சாகலியே. என் கூடாரத்துல இருக்காரே. புருஷன் உசிரோட இருக்கிறவ எப்படி சாமி உடன்கட்டை ஏறுவா? இல்ல, குறுவாள் புருஷன் இல்லேன்னா அந்தக் கல்யாணமே நடக்கலை. கல்யாணமே ஆகாதவ எதுக்கு ஏறணும்?"

பெதண்டா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "உனக்கு யாருடா இந்த புத்தியைக் குடுத்தா?" என்றார். பயத்தில் வந்த புத்தி சாமி என்றேன். "வழக்கத்துல இதுக்கு மறுப்பு இல்ல. ஆனா முடிவு அவ கையில" என்றார்.

ஆகவே கி லிந்துவை உன்னிடமே அனுப்பி வைக்கிறேன். விறகுக் கட்டை மாதிரி அனுப்ப முடியாது. மஞ்சள் பட்டில் சுற்றி, பல்லக்கில் வைத்து, வெண்குடை பிடித்து, கொட்டு முழங்க, என் ஆட்களில் நல்லவர்களாகப் பார்த்துக் கூட அனுப்புகிறேன். அதன் மரியாதைக்கு எந்தக் குறையும் இருக்காது. பெரியப்பா அரசவைக்குப் போயிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் அது உன் கையில் இருக்கும்.

இறங்கி வா, செகார். தரையில் கால் வை.

லானாங்


முவாரா
ஒன்பதாம் மாதம், தேய்பிறை ஏழாம் நாள்

அண்ணா,

உன் ஓலையைத் தூக்கித்தான் எறிந்தேன். மென் தாரி எடுத்துவந்து கொடுத்தாள். எட்டு வருஷம் என்னோடு சண்டை போட்டு, சிரித்து, காய்ச்சலில் என் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனுஷனை ஒரு இரும்புத் துண்டு என்கிறாயே, உனக்கு எவ்வளவு கொழுப்பு என்று நினைத்தேன். உன் கணக்குக்காக நான் இறங்கவில்லை. அதைத் தெளிவாகத் தெரிந்துகொள்.

நடந்ததைச் சொல்கிறேன். கோபுரக் காவலன் உள்ளே ஓடி வந்தான். "குடை வருது, குடை வருது" என்பதைத் தவிர அவனுக்குப் பேச்சு வரவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு போய் மதிலில் வைத்தார்கள். வறண்ட படுகையின் நடுவே வெண்குடை வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் உன் மலைப் படை. பல்லக்கு நெருங்க நெருங்க, உன் ஆட்கள் வரிசை வரிசையாக ஈட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். பிரபுவின் குடைக்கு எதிரே நிற்பது வழக்கமில்லை, ஆனால் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வழி நெடுக அப்படியே. எத்தனை ஆயிரம் பேர், ஒரு சத்தம் இல்லை, கொட்டைத் தவிர. எங்கள் மதிலில் சாகத் துணிந்து நின்றவர்களும் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்கள். என் வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஈட்டித் தலைவர், களத்தில் ஒரு கண்ணை இழந்தவர், என்னை நிமிர்ந்து பார்த்து, "பிரபு திரும்பி வந்துட்டாரா?" என்று கேட்டார். குழந்தை கேட்பது மாதிரிக் கேட்டார். அவர் பின்னால் அத்தனை முகங்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. இல்லை என்றால் இவ்வளவு பேரும் சாவார்கள். ஆமாம் என்றால் வாழ்வார்கள்.

"வந்துட்டார்" என்றேன்.

சொல்லிவிட்டு, தூக்கி வைத்திருந்தவர்களின் கையை விலக்கிவிட்டு இறங்கிவிட்டேன். கல் சுட்டது. மென் தாரி பதறிப்போய், "ஐயோ, கால் தரையில பட்டுடுச்சே, கால் பட்டுடுச்சே" என்று சுற்றிச் சுற்றி வந்தாள். "பட்டா பட்டுட்டுப் போகுது, போய் வாசலைத் திற" என்றேன். வாசல்வரை நடந்துபோய்க் குறுவாளை நானே வாங்கிக்கொண்டேன்.

நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குப் புரிகிறதா, அண்ணா? முவாரா பிரபுவை உன் குடையின் கீழ், உன் ஆட்களின் தோளில், ஊரறிய வீட்டுக்குக் கூட்டி வந்து விட்டிருக்கிறாய். இனி இது பிரபு உள்ள வீடு. அவர் வாய் பேசாது, அவருக்காக நான் பேசுவேன். வாசலை மறுபடி அடைத்துவிட்டேன். சுவரில் ஆள் நிறுத்தியிருக்கிறேன். மதகைத் திற. திறக்காவிட்டால் மௌன நாள் கழிந்ததும் நாங்களே வந்து திறப்போம். என்னை உயிரோடு இருக்கச் சொன்னாய். உன் எதிரியாகத்தான் இருக்க முடிகிறது.

செகார்


மதகடி
பத்தாம் மாதம், வளர்பிறை மூன்றாம் நாள்

செகார்,

நீ நினைத்தது சரி. எனக்கு அது புரியவில்லை. ஒரு பெரிய குறுவாளை மரியாதையில்லாமல் அனுப்ப எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். நீ எழுதியதைப் படித்த பிறகுதான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அப்புறம் சிரித்தேன். நீ உயிரோடு இருந்து என்னை அதட்டுகிறாய், எனக்கு வேறென்ன வேண்டும்?

மௌன நாளுக்கு முந்தின சாயந்திரம் பேயோட்ட இரண்டு பக்கமும் கொட்டினோமே, உங்கள் சத்தமும் எங்கள் சத்தமும் ஒன்றாகிவிட்டது. எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை. விடிந்தால் ஒன்றுமே இல்லை. அடுப்பில்லை, பேச்சில்லை, ஓர் ஆள் நடமாட்டமில்லை. இத்தனை ஆயிரம் பேர் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், எருதின் கழுத்துமணி மட்டும் கேட்கிறது. கொக்குகள் ஈட்டிகளுக்கு நடுவே நடந்து போயின. மலை நாள் முழுக்கத் திரை விலகியே நின்றது. எனக்கு நாம் எல்லோரும் அதன் காலடியில் கிடக்கும் கூழாங்கல் என்று தோன்றியது. உன் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் பெரியப்பா வந்து இறங்கினார். "என்னடா வேடிக்கை? பொம்பளை காவல் காக்குற மதிலை ஏற உங்களுக்கு ஏணி வேணுமா?" என்று கத்தினார். படை எழுந்தது. நானும் எழுந்தேன், பொய் சொல்லவில்லை. என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் உன் வாசல் திறந்தது. உயர்ந்த மணையில் கி லிந்து, மேலே வெண்குடை, பக்கத்தில் தரையில் கால் ஊன்றி நீ. நகையில்லை, ஆயுதமில்லை. நம் வீட்டில் மாங்காய் திருடித் தின்ற செகார்தானா இது என்றிருந்தது.

படை மறுபடி உட்கார்ந்துவிட்டது.

"எழுந்திருங்கடா" என்று பெரியப்பா தொண்டை கிழியக் கத்தினார். முன்வரிசைக் கிழவன் ஒருவன் கையைக் கூப்பிக்கொண்டு சொன்னான். "பிரபு வெளிய வந்திருக்காரு சாமி. அவரு எதிர்ல எப்படி நிக்கிறது? நாமதானே குடை பிடிச்சுக் கூட்டிட்டுப் போனோம்."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். நான் உட்கார்ந்தேன். அந்த வெளியில் நின்றுகொண்டிருந்தது அவர் ஒருவர்தான். பிறகு பல்லக்கில் ஏறிக்கொண்டு, "நீ என் வீட்டுப் பிள்ளை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் தலைமைக்குரிய இடைக்கச்சையையும் ஈட்டியையும் வாங்கிக்கொண்டார்கள். ஊர் ஊராகப் படையும் கலைந்து மேலே போகிறது.

மதகைத் திறந்துவிட்டேன். ஒவ்வொரு பலகையையும் நானே பிடுங்கினேன். தண்ணீர் இந்நேரம் உங்கள் முதல் வயலைத் தொட்டிருக்கும்.

போக இடமில்லை என்பதற்காகக் கேட்கவில்லை. உன் வாசல்வரைக்கும் ஒருமுறை வரலாமா? உள்ளே கூப்பிட வேண்டாம். உன்னைக் கிட்டத்தில் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

லானாங்


முவாரா
பத்தாம் மாதம், வளர்பிறை ஐந்தாம் நாள்

அண்ணா,

தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளைகள் வாய்க்காலில் விழுந்து புரண்டுகொண்டிருக்கிறார்கள்.

நீ வரலாம். உனக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. உன்னைத் தவிர யாரும் அதைச் செய்ய முடியாது.

அவர் இன்னும் உள்ளேதான் கிடக்கிறார், கெடாமல் மூலிகை பூசி, நீ போர்த்திய வெள்ளையோடு. எரிக்க நாள் பார்க்கச் சொல்லிப் பெதண்டாவைக் கூப்பிட்டேன். அவர் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் யார் கையையும் தொடுகிறவர் இல்லை.

"யாரை எரிக்கிறது? முவாரா பிரபு உசிரோட இருக்கார்ன்னு நீதானே ஊரறியச் சொன்ன. அப்ப இது யாரு?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவருக்குப் பெயர் சொல்லிச் சிதை அடுக்கினால் பிரபு செத்தார் என்றாகிவிடும். வீடு போகும், பெரியப்பா திரும்பி வருவார், நானும் தீக்குப் போக வேண்டும். பெயரில்லாத உடலுக்குப் பிரபுவின் சிதை கிடையாது.

"எதுவரைக்கும் சாமி?"

"நீ இருக்கிற வரைக்கும்மா. நீ போற அன்னிக்கு ரெண்டு பேரையும் ஒண்ணா எரிப்பாங்க. அதுவரைக்கும் மண்ணுக்குள்ள இருக்கட்டும்."

மண்ணுக்குள் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். ஆவி கிளம்ப வழியில்லாமல் அங்கேயே காத்துக் கிடக்க வேண்டும். நான் எத்தனை வருஷம் வாழ்கிறேனோ அத்தனை வருஷம். என் உயிருக்கு அவர்தான் விலை கொடுக்கிறார். இது உனக்கும் தெரியாது, எனக்கும் அந்த மதிலில் நின்றபோது தெரியாது. தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். அதையேதான் சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது. அது தோன்றுவதும் எனக்குத் தாங்கவில்லை.

இன்று காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். "கல்யாணத்துக்கு வராம என்னைக் காக்க வெச்சீங்கல்ல, இப்ப நீங்க கொஞ்சம் காத்திருங்க" என்றேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை.

எங்கள் ஆட்கள் யாரும் மண்வெட்டியைத் தொட முடியாது. தொட்டால் தங்கள் பிரபுவைப் புதைத்தவர்கள் ஆவார்கள். யாரென்றே தெரியாத கூலியாள் கையில் அவரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் யார் என்று தெரிந்தவனாக இருக்க வேண்டும், எங்கள் வீட்டைச் சேராதவனாகவும் இருக்க வேண்டும். இப்போது எந்த வீட்டையும் சேராதவன் நீ ஒருத்தன்தான்.

கடற்கரைத் தென்னைகளுக்குப் பின்னால் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் வந்ததால் மண் இளகியிருக்கிறது. ஆழமாகத் தோண்டு. தலை மலைப்பக்கம் இருக்கட்டும். நான் பக்கத்தில்தான் நிற்பேன். உன்னோடு பேசுவேனா என்று இப்போது சொல்ல முடியாது.

செகார்